குப்பியில் முளைத்த சந்தனம்

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கொஸ்மாஸ் என்பவர் வணிகராக வாழ்க்கையைத் தொடங்கித் துறவியாக முடித்தவர். அவர் எழுதிவைத்த நூலிலே இலங்கைத் தீவைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. கீழ்த்திசை நாடுகளிலிருந்து பட்டும் அகிலும் கராம்பும் சந்தனமும் இத்தீவின் துறைகளில் வந்திறங்கின என்றும், இங்கிருந்து வேறு நாடுகளுக்குச் சென்றன என்றும் அவர் கூறுகிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னே அநுராதபுரத்தில் தங்கிய சீன யாத்திரிகர் பாஹியன், பெருந்துறவி ஒருவருக்கு அடுக்கிய ஈமச் சிதையின் மேற்புறத்திலே சந்தனக் கட்டையும் அகிற் கட்டையும் வைக்கப்பட்டதைக் குறித்துள்ளார். தமிழிலே பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்திற் குவிந்த பண்டங்களுள் மேற்கு மலையிற் பிறந்த சந்தனத்தையும் அகிலையும் சேர்த்துச் சொல்லும்.

இம்மூன்று செய்திகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். சந்தனத்தை வாங்கியோர் உண்டு, விற்றோர் உண்டு, அரைத்துப் பூசியோரும் சிதையில் அடுக்கியோரும் உண்டு. நட்டு வளர்த்தோரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நெல்லையும் தென்னையையும் போல அது மனிதன் கையால் விளைந்த பொருளன்று. பறவைகள் பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்திலே முளைத்தது. காடு அதனை வளர்த்தது. மனிதன் கோடரியோடு சென்று எடுத்துவந்தான். இந்தியாவே அதன் பிறப்பிடமா, தீமோர் முதலிய கீழைத் தீவுகளிலிருந்து வந்து அங்கே பரவியதா என்பதிலும் தாவரவியலாளர் ஒருமனப்பட்டாரல்லர். இலங்கையில் ஊவாப் பகுதியின் வறண்ட மலைச்சாரல்களில், வெலிமடை, பதுளை ஆகிய இடங்களை அடுத்து, அது வளர்கிறது.

எடுப்பதற்கு மட்டும் பழகிய கைகள் அதனைப் பெருக்க முயன்ற கதை நெடியதன்று. அம்முயற்சியின் கடைசிப் பகுதி கண்ணாடிக் குப்பிக்குள்ளே நிகழ்ந்தது. ஒரு மரத்தின் சிறு துண்டை எடுத்து, உப்பும் சீனியும் சேர்ந்த ஊட்டப் பொருளின்மேல் வைத்து, அத்துண்டிலிருந்தே முழுக் கன்றுகளை உண்டாக்கும் முறைக்கு இழைய வளர்ப்பு என்று பெயர். அருகிவரும் வாசனை மரங்களைக் காப்பாற்ற இம்முறை போதுமா என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், முதலில் அந்த மரத்தின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

சந்தனம் பெரிய மரமன்று. அதன் இலையில் மணமில்லை. புறத்தேயுள்ள வெளிற்றிலும் மணமில்லை. நடுவே பாய்ந்த வைரத்தில்தான் வாசனை எண்ணெய் உள்ளது. அவ்வைரம் மரத்துக்குப் பத்து வயது கடந்த பின்னரே தோன்றத் தொடங்கும். நன்றாகப் பழுத்துச் செறிவதற்கு முப்பது ஆண்டும் அதற்கு மேலும் செல்லும். எண்ணெய் மிகுதியாக இருப்பதோ வேரில். ஆகவே சந்தன மரத்தை மற்ற மரங்களைப் போல அடியில் வெட்டிச் சாய்ப்பதில்லை. வேரோடு கல்லி எடுப்பார்கள். (செஞ்சந்தனம் என்று கடைகளிலே விற்கப்படுவது வேறு குலத்து மரம். அதற்கு நிறம் உண்டு. இந்த மணம் இல்லை.)

1792ஆம் ஆண்டிலே மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக்கினார். அவர் ஆட்சி முடிந்தபின் வந்த மைசூர் மன்னரும் பிரித்தானியரும் இந்த உரிமையைக் கைவிடவில்லை. சுதந்திரம் பெற்ற இந்தியாவின் மாநில அரசுகளும் கைவிடவில்லை. ஒருவன் தன் சொந்தக் காணியில் நின்ற சந்தன மரத்துக்கும் காவற்காரனாக இருந்தானேயன்றி உடைமையாளனாக இருக்கவில்லை. மரம் களவு போனால் விசாரணை அவன் வாசலுக்கு வரும். இந்நிலையில் வேலியோரத்தில் ஒரு சந்தனக் கன்று தானாக முளைத்தால் உழவன் என்ன செய்திருப்பான் என்பதை ஊகிப்பது அரிதன்று. மரத்தைக் காப்பதற்கென எழுந்த சட்டம், மரம் முளைக்காமற் பார்த்துக்கொள்ளும் ஆயிரம் கைகளை உண்டாக்கிற்று. கர்நாடகத்தில் 2001ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டிலும் இச்சட்டம் திருத்தப்பட்டது. வளர்த்தவனுக்கே மரம் உரியது என்று ஆயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற விதி அது.

வைரக் கட்டைக்கு மேலைநாட்டில் இருந்த மதிப்பும் மரத்துக்குப் பகையாயிற்று. முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னே மைசூர்க் கட்டையிற் பெரும்பகுதி ஜேர்மனிக்குச் சென்று அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914இல் யுத்தம் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. கட்டைகள் தேங்கிக் கிடந்தன. மைசூர் அரசு 1916ஆம் ஆண்டிற் பெங்களூரிலே தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. இன்றும் பெயர் பெற்று விளங்கும் மைசூர்ச் சந்தனச் சவர்க்காரம் அதன் பின்விளைவே.

இதே காலத்தில் மரத்தைப் பெருக்கும் முயற்சிகளும் நடந்தன. நெடுநாள் தோற்றுக்கொண்டும் இருந்தன. விதை முளைக்கும், கன்று சில மாதம் நிற்கும், பிறகு வெளிறி வாடும். மண் சரியில்லை என்றார் ஒருவர். வெயில் அதிகம் என்றார் மற்றொருவர். உண்மையைக் கண்டவர் கல்கத்தாத் தாவரப் பூங்காவிற் பணியாற்றிய ஜோன் ஸ்கொட். சந்தனத்தின் வேர், அண்டை மரத்தின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழ்வது என்பதை அவர் 1871ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் சென்னை அரசாங்கத்தின் தாவரவியலாளராக இருந்த பார்பர், அந்த உறிஞ்சி உறுப்பின் அமைப்பை 1906, 1907ஆம் ஆண்டுகளில் நுணுக்கமாக ஆராய்ந்து எழுதினார். சந்தனத்தின் இலை பச்சை நிறமுடையது; அது தன் மாப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆயினும் நீரிலும் உப்புகளிலும் ஒரு பங்கைப் பிற மரத்தின் வேரிலிருந்து பெறாவிடின் அது தழைக்காது. களை என்று எண்ணிச் சுற்றியிருந்த செடிகொடிகளைத் தோட்டக்காரர் சுத்தமாகக் களைந்தபோதெல்லாம், அவர்கள் சந்தனத்தின் உணவுக் கலத்தையே அகற்றிக்கொண்டிருந்தனர்.

இந்த இரகசியம் தெளிவாகிக்கொண்டிருந்த நாளிலே வேறொரு துன்பம் வந்தது. 1899ஆம் ஆண்டிலே குடகு நாட்டில் ஒரு புதிய நோய் அறிவிக்கப்பட்டது. இலைகள் சிறுத்து, விறைத்து, கொம்பிலே முட்களைப் போலக் குத்திட்டு நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். ஆங்கிலத்திலே ஸ்பைக் என்று பெயர் பெற்ற இந்நோய் குடகிலும் மைசூரிலும் பல இலட்சம் மரங்களை அழித்தது. வைரசு என்று நெடுங்காலம் கருதப்பட்ட அதன் காரணி, பற்றீரியாவைப் போன்ற, கலச்சுவர் அற்ற நுண்ணுயிர் என்பது 1969ஆம் ஆண்டில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழே தெரிந்தது. மருந்து இன்னும் கிடைத்திலது. கேரளத்தில் எஞ்சியுள்ள பெரிய இயற்கைச் சந்தனக் காடாகிய மறையூரிலும் அது புகுந்தது.

அரசின் பூட்டு, கள்வரின் கோடரி, மருந்தில்லா நோய், துணையின்றி வாழாத வேர் ஆகிய இவை நான்கும் ஒரே மரத்தின்மேல் இறங்கிய நிலையிலேதான் விஞ்ஞானிகள் கண்ணாடிக் குப்பியின் பக்கம் திரும்பினர். குப்பியோ சந்தனத்துக்காகச் செய்யப்பட்டதன்று. அதற்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு.

ஒஸ்திரிய நாட்டுத் தாவரவியலாளர் ஹபர்லாந்து என்பவர் 1902ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாவரத்தின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் முழுத் தாவரத்தை ஆக்கும் ஆற்றல் உறங்கிக் கிடக்க வேண்டும். தக்க உணவு கொடுத்தால் தனிக் கலத்திலிருந்தே ஒரு செடியை எழுப்பலாம் என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க அவர் பல செடிகளின் கலங்களைப் பிரித்தெடுத்து ஊட்டக் கரைசலில் இட்டார். அவற்றுள் ஒன்று, நம் குளங்களை மூடிக் கிடப்பதால் நேயர்கள் பலரும் அறிந்த ஆகாயத்தாமரை. கலங்கள் சில வாரம் உயிரோடிருந்தன, பருத்தன, ஒன்றேனும் பிரிந்து இரண்டாகவில்லை. அவர் நினைத்தது சரி. அவர் காலத்திலே தாவர ஓமோன் என்ற பொருள் எவருக்கும் தெரியாது என்பதே தோல்விக்குக் காரணம்.

1928ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான வென்ற், வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்று ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து கீழிறங்குவதைக் காட்டினார். அதற்கு ஒட்சின் என்று பெயராயிற்று. 1934இல் அமெரிக்கரான வைற், தக்காளியின் வேர் நுனியைக் குப்பியிலே இடையறாது வளர்த்தார். 1939ஆம் ஆண்டில் அவரும் பிரான்சு நாட்டில் கொத்தரே, நொபேகூர் என்ற இருவரும் தனித்தனியே தாவர இழையத்தை எல்லையின்றி வளர்க்கலாம் என்று நிறுவினர். ஆனால் அந்த இழையம் உருவமற்ற திரளாகவே பெருகியது. கிழங்கும் அன்று, தளிரும் அன்று, வேரும் அன்று. வெண்மையான ஒரு கட்டி.

அடுத்த படியிலே நம் நாட்டாருக்கு நெருங்கிய பண்டம் ஒன்று வந்து கைகொடுத்தது. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வான் ஓவர்பீக் என்பவரும் அவருடன் உழைத்தோரும், ஊமத்தையின் மிகச் சிறிய முளையங்களை விதையிலிருந்து பிரித்து வளர்க்க முயன்றனர். அறிந்த உப்புகளும் சீனியும் போதவில்லை. இயற்கையிலே முளையத்துக்கு ஊட்டமாக அமைந்த ஏதேனும் ஒரு நீரைச் சேர்த்துப் பார்க்கலாமென்று தென்னையை நாடினர், முளையங்கள் வளர்ந்தன. அவர்கள் நூல்களிலே தேங்காய்ப் பால் என்று எழுதியிருப்பது நாம் துருவிப் பிழியும் பாலன்று. தேங்காயினுள்ளே இருக்கும் நீரே. 1950களில் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்ரூவாட் இதே நீரைச் சேர்த்துக் கரட்டுக் கிழங்கின் இழையத்தை வளர்த்து, 1958ஆம் ஆண்டில் அதிலிருந்து முழுச் செடியையே பெற்றார். ஹபர்லாந்து 1945இல் இறந்தார். தம் கொள்கை நிறைவேறியதை அவர் காணவில்லை.

தென்னையின் நீரிலே அப்படி என்ன இருந்தது? விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே ஸ்கூக் என்பவரின் ஆய்வுகூடம் அதே ஆற்றலுள்ள பொருளை வேறோரிடத்திற் கண்டது. ஹெரிங் என்ற மீனின் விந்திலிருந்து எடுத்து நெடுநாள் வைத்திருந்த கருவமிலம், கலங்களைப் பிரியத் தூண்டிற்று. 1955ஆம் ஆண்டில் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குக் கைனெற்றின் என்று பெயரிட்டனர். இவ்வகைப் பொருள்கள் யாவும் சைற்றோகைனின் எனப்படும். தென்னையின் நீரிலும் இவ்வினப் பொருள் இருப்பது 1970களில் உறுதியாயிற்று. 1957ஆம் ஆண்டிலே ஸ்கூக்கும் மில்லரும் வெளியிட்ட முடிவு மிக எளிமையானது. ஒட்சின் மிகுந்தால் இழையத்திலிருந்து வேர் எழும். சைற்றோகைனின் மிகுந்தால் தளிர் எழும். இரண்டும் நடுநிலையில் நின்றால் உருவற்ற திரளே பெருகும்.

இன்று உலகெங்கும் இழைய வளர்ப்பு ஆய்வுகூடங்களிற் கலக்கப்படும் உப்புக் கலவை, 1962ஆம் ஆண்டில் முறாசிகே என்ற இளம் ஆய்வாளரும் ஸ்கூக்கும் வெளியிட்டது. ஹவாய்த் தீவிற் பிறந்த ஜப்பானிய மரபினரான முறாசிகே, புகையிலையின் சாற்றைச் சேர்த்தால் இழையம் விரைந்து வளர்வதைக் கண்டு, ஏதோ புதிய ஓமோன் அகப்பட்டது என்றே தேடினார். இறுதியில் அவ்விலையின் சாம்பலில் உள்ள சாதாரண உப்புகளே அந்த வேலையிற் பெரும்பங்கைச் செய்தன என்று தெரிந்தது. ஓமோனைத் தேடிச் சென்றவர் சாம்பலைக் கண்டு, அதைக் கொண்டே பெயர் பெற்றார். இடையிலே பிரான்சு நாட்டு மோரெல், நோயுற்ற செடியின் நுனிக் குருத்தைச் சிறு துணுக்காக எடுத்து வளர்த்தால் வைரசு நீங்கிய செடி கிடைக்கும் என்று 1952இல் மார்ட்டினோடு சேர்ந்து காட்டினார்; 1960இல் ஓர்க்கிட்டுகளை அவ்வாறே பெருக்கினார். சந்தனத்தின் நோயைப் பற்றிக் கவலைகொண்டிருந்தோர் காதில் இச்செய்தி இனிமையாக விழுந்திருக்கும்.

இந்தியாவில் இக்கலை வேரூன்றிய இடம் டில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியற் பகுதி. பஞ்சானன் மகேசுவரி என்ற பேராசிரியர் 1949ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு பரம்பரையை உருவாக்கினார். அந்தப் பரம்பரையிலே ரங்கசாமி, ராவ் என்ற இருவர் 1963ஆம் ஆண்டில் சந்தனத்தைக் குப்பிக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் எடுத்தது தண்டையோ இலையையோ அன்று, வித்தகவிழையத்தை. விதையினுள்ளே முளைக்கு உணவாக அமைந்த பகுதி அது; தேங்காயிலே நாம் உண்ணும் பருப்பும் பருகும் நீரும் இதே பகுதிதான். முளைக்கு இரையாகி மறைவதற்கென்றே பிறந்த அந்த இழையத்தை அவர்கள் தனியாகப் பிரித்துத் தொடர்ந்து வளரச் செய்தனர்.

அவர்களுடைய நோக்கம் காட்டை நிரப்புவதன்று. கருவியலின் ஒரு கேள்விக்கு விடை காண்பது. சந்தனக் காடு அழிகிறது என்ற கவலை ஆய்வுகூடத்தினுள்ளே நுழைந்து முழு உருவம் பெற்றது 1979ஆம் ஆண்டில். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் லட்சுமி சீதாவும் உடன் உழைத்தோரும் தண்டு இழையத்திலிருந்து முளையங்களை ஒத்த உருக்களைப் பெற்று அவற்றைக் கன்றுகளாக்கினர். அதே ஆண்டிற் பம்பாயை அடுத்த துரொம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் பாபட், ராவ் ஆகியோரும் இதே வகையில் வெற்றி கண்டனர். மறு ஆண்டிலே லட்சுமி சீதா, வித்தகவிழையத்திலிருந்தும் கன்றுகளைப் பெற்றார். வித்தகவிழையத்துக் கலத்தில் நிறமூர்த்தத் தொகுதி மூன்று. சாதாரண மரத்தில் இரண்டு. ஆகவே அவை மூன்று தொகுதி கொண்ட புதுவகைக் கன்றுகள்.

இது நடக்கும் முறையைச் சிறிது விரித்துச் சொல்லலாம். எடுத்த துண்டைக் கிருமி நீக்கும் நீரிற் கழுவுவர். ஒரு பங்கசு வித்து எஞ்சினாலும், சீனி நிறைந்த அந்த ஊட்டத்திலே அது ஒரே வாரத்திற் செடியை மூடிவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஏகார் கலந்து கூழாக இறுகிய ஊட்டத்தின்மேல் துண்டை வைத்து, குப்பியை மூடி, அளவான வெளிச்சத்தில் விடுவர். ஒட்சின் வகைப் பொருள் ஒன்றின் தூண்டலால் வெட்டுவாயிலே வெண்திரள் எழும். பின்பு ஓமோனின் அளவை மாற்றினால் அத்திரளின் மேற்பரப்பிலே மணிமணியாக உருக்கள் தோன்றும். ஒவ்வொன்றும் வித்திலைகளோடும் முளைவேரோடும் கூடிய ஒரு முளையம். அதற்குப் பூவும் இல்லை, மகரந்தமும் இல்லை, விதையும் இல்லை. ஒரு சிறு குப்பியிலே நூற்றுக்கணக்கில் அவை பிறக்கும். துரொம்பே ஆய்வாளர் 1988ஆம் ஆண்டில் இம்முளையங்களை, பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்றுக் கூழினால் மூடி, ஜவ்வரிசி போன்ற செயற்கை விதைகளாக்கிக் காட்டினர். அழகான வேலை அது. ஆயினும் உறையிட்டவற்றிற் கன்றானவை குறைவு. வயலுக்குச் செல்லும் பண்டமாக அது முதிரவில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் குப்பியில் ஏன் பெருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. சந்தன விதையை ஜிபரெலிக் அமிலக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால் நன்றாக முளைக்கும். கன்றுக்குப் பஞ்சம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் விதை, தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டுவருவதில்லை. பக்கம் பக்கமாக நிற்கும் ஒரே வயது மரங்கள் இரண்டினுள் ஒன்று கனத்த வைரமும் நிறைந்த எண்ணெயும் உடையதாக இருக்கும். மற்றொன்று வெறும் வெளிறாக நிற்கும். நல்ல மரங்களைக் கள்வர் நாடிச் சென்று தோண்டிய காட்டிலே, விதை தருவதற்கு எஞ்சியவை பெரும்பாலும் இளையவையும் மெலிந்தவையுமே. சிறந்த மரமொன்றை அதன் குணத்தோடு பிரதி செய்வதற்கு இழைய வளர்ப்பைக் காட்டிலும் விரைவான வழி இல்லை. ஸ்பைக் நோய் பரவிய காட்டிலே நோயின்றி நின்ற மரத்தையும் இவ்வாறே பெருக்கிச் சோதிக்கலாம் என்று ஆய்வாளர் எண்ணினர்.

இங்கே இரண்டு இடர்கள் உண்டு. சிறந்த மரம் என்பது முப்பது வயது கடந்த பின்னரே தெரியும். முதிர்ந்த மரத்தின் இழையமோ குப்பிக்கு எளிதில் இசைவதில்லை. இளங்கன்றின் துண்டு இசைகிறது. அது சிறந்ததா என்பது எவருக்கும் தெரியாது. மற்றொன்று, ஒரே தாயின் பிரதிகளால் ஒரு தோட்டம் நிரம்புமாயின், அத்தாயை வெல்லும் நோய் தோட்டம் முழுவதையும் வெல்லும். குப்பி பெருக்குவது எண்ணிக்கையை. காட்டிலே அழிந்துபோனதோ எண்ணிக்கை மட்டுமன்று, மரத்துக்கு மரம் வேறுபட்ட பலவகைக் குணங்களுந்தான்.

மணமோ இன்னும் தொலைவில் உள்ளது. குப்பிக் கன்றும் வைரம் பாய்வதற்கு மற்றக் கன்றைப் போலவே ஆண்டுகளைக் கடக்க வேண்டும். 2011ஆம் ஆண்டிலே சந்தன எண்ணெயின் முன்னோடிப் பொருள்களை ஆக்கும் பரம்பரையலகு கண்டறியப்பட்டது. அதன்பின் மதுவத்திலே அம்மணப் பொருளை ஆக்கும் தொழிலும் தோன்றிற்று. அவ்வழியே சென்றால் எண்ணெய் கிடைக்கும், மரம் கிடைக்காது.

அகிலின் நிலை இதனினும் விசித்திரமானது. அசாமிலும் மலாயாவிலும் வளரும் அகில் மரத்தின் கட்டை வெண்மையானது, இலேசானது, மணமற்றது. மரம் காயப்பட்டு, அக்காயத்திலே பங்கசு புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கரிய பிசினே அகில். எந்த மரத்தில் அது உண்டு என்பது வெளியே தெரியாமையால், ஒன்றைக் காண்பதற்குப் பல மரங்களை வெட்டினர். 1994ஆம் ஆண்டிலே அம்மரவினத்தின் சர்வதேச வாணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2004ஆம் ஆண்டில் அதன் சுற்றத்து மரங்கள் யாவும் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அச்சுற்றத்தில் ஒன்று இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலே வளர்வது. சிங்களத்தில் வல்லப்பட்ட என்பர். பட்டையை உரித்துக் கயிறு திரிப்பதற்கு மட்டும் ஊரார் அறிந்திருந்த அந்த மரத்தினுள்ளும் அகிலைப் போன்ற பிசின் உண்டு என்பதை ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கள்ளக் கடத்தற்காரர் அதனை விஞ்ஞானிகளுக்குப் பிந்தி அறிந்தாரல்லர். 2012 அளவிலேயே விமான நிலையத்திற் பொதிகள் பிடிபடத் தொடங்கின. கொஸ்மாஸ் காலத்திற் கீழைநாட்டிலிருந்து வந்திறங்கிய பண்டத்தின் உறவு, இத்தீவின் காட்டிலேயே அறியப்படாமல் நின்றிருக்கிறது.

அகிலையும் அதன் உறவுகளையும் குப்பியிற் பெருக்கலாம், பெருக்கியும் உள்ளனர். அவ்வாறு பிறந்த ஆயிரம் மரங்கள் ஒரு காயமுமின்றி நன்றாக வளர்ந்தால், ஆயிரம் மணமற்ற வெண்கட்டைகளே எஞ்சும். ஆகவே தோட்டக்காரர் வளர்ந்த மரத்திலே துளையிட்டுப் பங்கசை ஏற்றுகின்றனர்.

சந்தனத்தைப் பெருந்தோட்டமாக வளர்ப்பதிலே அண்மைக் காலத்தில் முன்னின்றவர் ஆஸ்திரேலியர். அந்நாட்டின் வடமேற்கே ஓர்ட் ஆற்றின் பாசன நிலத்தில், 1990களின் இறுதியிலிருந்து இந்தியச் சந்தனத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டனர். அவர்கள் தொடங்கியது குப்பியினாலன்று, விதையினாலேயே. அவர்கள் செலவிட்ட கருத்தெல்லாம் துணைச் செடிகளின்மேலே சென்றது. தொட்டியிலே ஒரு துணை, நட்ட முதற் சில ஆண்டுகளுக்கு ஒரு துணை, அறுவடை வரையில் நிற்பதற்கு ஒரு துணை என்று மூன்று நிலையிலே அவற்றை வகுத்தனர். 1871இல் ஸ்கொட் கண்ட உண்மையே அங்கே மூலதனமாயிற்று.

ஆய்வுகூடத்திலிருந்து வரும் கன்றுக்கும் இந்த வழியே தவிர வேறு வழியில்லை. குப்பிக்குள்ளே அது சீனியை உண்டு, ஈரக்காற்றிலே வளர்ந்தது. இலையின்மேல் மெழுகுப் படை சரியாகப் பிடித்திராது. வெளியே எடுத்த அன்றே வெயிலில் வைத்தால் மாலைக்குள் சுருண்டுவிடும். வேரிலே ஒட்டிய கூழைக் கழுவி, மூட்டம்போல் நீர் தெளிக்கும் நிழலறையிற் சில வாரம் வைத்து, சிறிது சிறிதாகக் காற்றுக்குப் பழக்குவர். பிறகு மண் நிரப்பிய பையிலே நட்டு, அதன் அருகே ஒரு துவரை விதையையோ பொன்னாங்காணி இனத்துச் சிறு பூண்டையோ ஊன்றுவர். இரண்டின் வேரும் மண்ணுக்குள்ளே ஒன்றையொன்று தொட்ட பின்னரே சந்தனத்தின் இலையிற் கரும்பச்சை ஏறும். தோட்டத்துக்குச் செல்லும்போதும் துவரை உடன் செல்லும். அது முதிர்ந்து பட்டுப்போகும் முன்னே, பக்கத்தில் நட்டிருக்கும் புங்கின் வேரையோ சவுக்கின் வேரையோ சந்தனத்தின் வேர் தேடிப் பற்றிவிட வேண்டும்.